தொல்காப்பியப் பூங்காவும் எங்கள் ஊர் நெய்தலும்

(எண்ணூர் - திருவொற்றியூர் பகுதி ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தொல்காப்பியப் பூங்காவுக்கு அழைத்துப் போனதைப் பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். தமிழாசிரியர்கள் மட்டும் கேட்க வேண்டிய பேச்சு என்று நினைத்து மற்றவர்கள் தேநீருக்கு எழுந்துவிட வேண்டாம். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம் இருக்கிறது.

பூங்கா என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்கு மரம், வாயைத் திறந்து நிற்கும் பென்குவின் வடிவக் குப்பைத் தொட்டி ஆகியவைதான் நினைவுக்கு வரும். நமக்கும் அப்படித்தான். (வெயில் கொளுத்தும் சென்னைக்குப் பென்குவின் எப்படி வந்தது என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை.) ஆனால் ஒரு கருத்தைச் சொல்வதற்காகவே உருவாக்கப்படும் தோட்டங்களும் உலகில் உண்டு. அங்கே மேடும் குளமும் படிக்கட்டும் செடியும் ஒவ்வொரு பொருளைக் குறித்து நிற்கும். நடந்து போகிறவர் அதைப் படித்துக்கொண்டே போகலாம்.

ஸ்காட்லாந்தில் டம்ஃபிரீஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் சார்ல்ஸ் ஜென்க்ஸ் என்ற கட்டடக்கலை அறிஞரும் அவருடைய மனைவி மேகி கெஸ்விக்கும் 1989-இல் ஒரு தோட்டத்தைத் தொடங்கினார்கள். சுமார் 30 ஏக்கர். கருந்துளையைக் காட்ட ஒரு தளம் வளைந்து அமிழ்ந்து போகிறது. மரபணு ஏணி உலோகச் சிற்பமாகச் செடிகளுக்கு நடுவே நிற்கிறது. பேரண்டம் தோன்றியது முதல் இன்று வரையுள்ள கதை ஒரு நீண்ட படிக்கட்டாகக் குளத்திலிருந்து மேலேறுகிறது. அது அவர்களின் சொந்த வீட்டுத் தோட்டம் என்பதால் பொதுமக்களுக்கு ஆண்டில் ஒரு நாள்தான் திறப்பார்கள். நமக்குப் பக்கத்தில் ஆரோவில்லில் மாத்திர்மந்திரைச் சுற்றிப் பன்னிரண்டு தோட்டங்கள் திட்டமிடப்பட்டன. இருப்பு, ஒளி, இளமை, இசைவு, முன்னேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தின் பெயர்.

இதெல்லாம் வெளியாரிடமிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு மகிழ மரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். சுந்தரர், சங்கிலியார் கதையும் மகிழடி சேவையும் அவர்களுக்குத் தெரியும். மயிலாப்பூர்க் கோயிலின் தலமரம் புன்னை. ஒரு மரத்தை ஓர் ஊரின் அடையாளமாகவும் ஒரு கதையின் சாட்சியாகவும் வைப்பது நமக்குப் பழக்கமான மொழி. அந்த மொழிக்கு இலக்கணமே எழுதி வைத்திருக்கிறோம். அதற்குப் பெயர் திணை.

திணையை மண்ணில் நட்டுக் காட்டும் முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. தோட்டக்கலைத் துறையின் ஐந்திணை மரபணுப் பூங்காக்கள் அப்படிப்பட்டவை. குறிஞ்சிக்கு ஏற்காடு, மருதத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டம் மருங்குளம், நெய்தலுக்குத் திருக்கடையூர், பாலைக்கு இராமநாதபுரம் மாவட்டம் அச்சடிப்பிரம்பு என்று இடம் தேர்ந்தார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறவர்கள் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கலாம். எங்களால் 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் சென்னைக்குள்ளேயே இருக்கும் தொல்காப்பியப் பூங்காவைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அகப்பொருள் இலக்கணத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். கரும்பலகையில் ஒரு பெரிய அட்டவணை. மேலே ஐந்து திணை, பக்கவாட்டில் தெய்வம், மக்கள், உணவு, விலங்கு, பூ, மரம், பறவை, ஊர், நீர், பறை, யாழ், பண், தொழில். பிள்ளைகள் நெட்டுருப் போட்டு எழுதுவார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நெய்தலுக்குரிய கருப்பொருள் அத்தனையும் சரியாக எழுதியிருந்தான். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நெய்தல் நிலத்தை நீ எங்கேடா பார்த்திருக்கே?" என்று கேட்டேன். "எங்கியும் இல்ல மிஸ், அது சங்க காலத்துல இருந்தது" என்றான். அவன் அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். அவன் வீட்டிலிருந்து கடல் அலை சத்தம் கேட்கும்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பதிலில்தான் வந்தது.

இனி பயணம். எண்ணூரிலிருந்து பட்டினப்பாக்கம் பக்கம் வரைக்கும் 20 கிலோமீட்டருக்கு மேல். போன வழி முழுவதும் கடலோரம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் ஒரு முனை, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் மறு முனை, நடுவில் கூவம். பூங்காவுக்குப் போவது பாதிப் பாடம், போகும் வழி மீதிப் பாடம் என்று நானும் சமூக அறிவியல் ஆசிரியரும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். எங்கெங்கே கடல் கண்ணுக்குத் தெரிகிறது, எங்கெங்கே மறைகிறது, கரையில் என்ன இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எண்ணூர் விரைவுச் சாலையில் கடல் பக்கத்திலேயே வரும். ஆனால் கரையில் மணல் இல்லை, கொட்டிய கருங்கல்தான். காசிமேடு தாண்டியதும் துறைமுக மதிற்சுவர். இராயபுரம், இராஜாஜி சாலை வரைக்கும் கடல் இருப்பதே தெரியாது. நேப்பியர் பாலம் தாண்டியதும் மெரினா. பேருந்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் "ஓ" என்று கத்தினார்கள். அவர்களுடைய தாளில் அந்த இடத்தில் "மணல், மணல், மணல்" என்று எழுதியிருக்கிறது.

தொல்காப்பியர் நெய்தலைப் "பெருமணல்" என்கிறார். அந்தச் சொல்லை எங்கே நடத்துவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதை மெரினாவே நடத்திவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர் எழுந்து நின்று கேட்டார்: "அங்க கல்லு, இங்க மணல். ஒரே கடல்தானே, ஏன்?" யாருக்கும் தெரியவில்லை. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா அகன்று கொண்டே போனது. மணல் வந்து சேராத வடக்குக் கரையை, அதாவது இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்தைக் கடல் அரித்தது. தெருத் தெருவாகப் போனது. அதனால்தான் கல் கொட்டியிருக்கிறார்கள். இதை அவர் சொல்லி முடித்ததும் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல்: "அப்போ இது நம்ம மணலா சார்?" பேருந்தே சிரித்தது. எனக்கு அது சிரிப்பாக மட்டும் படவில்லை. புவியியல் பாடத்தில் கடலரிப்பு, படிவு என்று இரண்டு வரையறை எழுதுகிறோமே, அந்த இரண்டும் ஒரே பேருந்துப் பயணத்தில் அரை மணி நேர இடைவெளியில் இருக்கின்றன.

சாந்தோம் தாண்டிப் பட்டினப்பாக்கம் வந்தது. நெய்தல் நிலத்து ஊருக்கு அட்டவணையில் என்ன எழுதுவோம்? பட்டினம், பாக்கம். இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஊர் சென்னைக்குள்ளேயே பேருந்து நிறுத்தமாக இருக்கிறது. பெயர்ப் பலகையைக் காட்டினேன். பிள்ளைகள் அப்போதுதான் அந்தப் பெயரைப் பிரித்துப் படித்தார்கள். எத்தனை முறை அந்த வழியாகப் போயிருக்கிறோம், நாமே பிரித்துப் படித்ததில்லை.

பூங்காவைப் பற்றிச் சில தகவல்கள். அடையாறு கழிமுகத்தின் கிளைக் கழியை ஒட்டியிருக்கிறது. பரப்பு 58 ஏக்கர். 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. சென்னை ஆறுகள் சீரமைப்பு அறக்கட்டளை பராமரிக்கிறது. இந்த இடம் அதற்கு முன்பு கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டும் இடமாக இருந்தது. கழி தூர்ந்து போயிருந்தது. குப்பையை அள்ளி, நீர் தங்கவும் ஓதம் ஏறி இறங்கவும் வழி செய்து, இந்தக் கடற்கரைக்குரிய மரம் செடிகளையும் அலையாத்தியையும் நட்டு வளர்த்தார்கள். நிலத்தைத் திணையாகப் பிரித்துக் காட்டிய நூலின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது பூச்செடிப் பூங்கா இல்லை. புல்வெளியில் உருளலாம், ரோஜாவோடு படம் எடுக்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு முதல் பத்து நிமிடம் அந்த ஏமாற்றம் இருந்தது. சேறு, முள், புதர், கலங்கிய தண்ணீர். "காடு மாரி இருக்கு" என்றான் ஒருவன். அதுதான் அங்கே சொல்ல வந்த கருத்து. ஒரு கழிமுகம் அதன் போக்கில் விடப்பட்டால் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைவிலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார்கள். கருந்துளையைக் காட்ட ஜென்க்ஸ் தளத்தை வளைத்தார். இங்கே கழிமுகத்தைக் காட்டக் கழிமுகத்தையே செய்து வைத்திருக்கிறார்கள். குறியீடும் பொருளும் ஒன்றாகவே இருக்கும் இடம் இது. திணைக் கோட்பாடு கொஞ்சம் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். நெய்தல் என்பது ஒரு பூ, ஒரு நிலம், ஒரு மனநிலை, மூன்றுமே.

அலையாத்தி இருக்கும் இடத்துக்கு வந்ததும் எங்கள் வகுப்பு தலைகீழாகிவிட்டது. நான் விளக்கத் தொடங்கினேன். முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள். "இன்னா மிஸ், இது நம்மூரு கண்டல்தானே? இதுக்குப் போயி போர்டு வெச்சிருக்காங்க." அதன் பிறகு நான் பேசவில்லை, அவள்தான் பேசினாள். சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பது வேர், அதை மிதித்தால் காலைக் குத்தும், அதற்குள்தான் நண்டு வளை இருக்கும், ஓதம் இறங்கும்போது எந்தப் பக்கம் இறால் தங்கும், மடவை எப்போது துள்ளும் என்று வரிசையாகச் சொன்னாள். வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அறிவியல் புத்தகத்தில் சுவாச வேர்கள் என்று ஒரு படம் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்தபோது அது தன் ஊர்க் கண்டல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டும்போது நாம் யாரும் அவளைக் கேட்டதும் இல்லை.

வரும் வழியில் பேருந்தில் அவள் கேட்டது: "அதே செடிதான் மிஸ். அங்க வேலி போட்டு உள்ள வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல சாம்பல்ல நிக்குது." நான் பதில் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள்.

எண்ணூர்க் கழியைப் பற்றி இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை. அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகங்கள், ஆழம் குறைந்த ஆறு, 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியதும் வாளி வாளியாக அள்ளியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிக்குள் வந்ததும் நம் கண்ணெதிரே நடந்தவை. அந்த டிசம்பரில் கறுத்துப்போன வலையோடு அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிள்ளைகள்தான் நம் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நெய்தல் நிலத்துத் தொழில் மீன் பிடித்தல், உப்பு விளைத்தல் என்று எழுதிப் போட்டால் அவர்கள் அதைச் சங்க காலத்தில் கொண்டுபோய் வைக்காமல் என்ன செய்வார்கள்?

திரும்பி வந்ததும் செய்த வேலையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல நினைக்கிறேன். நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்கு என்கிறது. அந்தப் பதினான்கையும் வரிசையாக எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போட்டோம். "நூலில்", "பாட்டி தாத்தா காலத்தில்", "இப்போது". முதல் கட்டத்தைப் புத்தகம் பார்த்து நிரப்பலாம். இரண்டாவதற்கு வீட்டில் பெரியவர்களைக் கேட்க வேண்டும். மூன்றாவதற்குச் சுற்றிப் பார்க்க வேண்டும். பத்து நாள் அவகாசம் கொடுத்தேன்.

வந்த தாள்களைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தன. தெய்வம் என்ற கட்டத்தில் நூலில் வருணன். இப்போது என்ற கட்டத்தில் கங்கையம்மன், எல்லையம்மன், அந்தோனியார், இராயப்பர். இராயபுரத்துக்கு அந்தப் பெயரே இராயப்பரால் வந்தது என்று சொல்வதுண்டு. மீனவரான சீடரின் பெயரில் ஒரு மீனவர் ஊர். நீர் என்ற கட்டத்தில் நூலில் மணற்கிணறு, உவர்க்கழி. பாட்டி காலத்தில் "மணல்ல குழி தோண்டினா நல்ல தண்ணி வரும்". இப்போது "லாரித் தண்ணி, கேன் தண்ணி". தொழில் என்ற கட்டத்தில் ஒரு பையனின் பாட்டி அத்திப்பட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். உப்பு வாரும் பலகையைப் படம் வரைந்து கொண்டு வந்திருந்தான். விலங்கு என்ற கட்டத்தில் நூலில் முதலை, சுறா. இப்போது என்பதில் ஒருவன் "கண்டெய்னர் லாரி" என்று எழுதியிருந்தான். அதற்கு நான் மதிப்பெண் போட்டேன். நீங்கள் போடுவீர்களா என்று தெரியாது.

பறை, யாழ், பண் ஆகிய மூன்று கட்டங்களையும் யாராலும் நிரப்ப முடியாது என்று நினைத்திருந்தேன். விளரி யாழும் செவ்வழிப் பண்ணும் எங்கே கிடைக்கும்? காசிமேட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு பையன் மூன்றையும் நிரப்பியிருந்தான். பறைக்கு "சட்டி", யாழுக்கு "டோலக்", பண்ணுக்கு "கானா". யாழுக்கு டோலக் பொருந்தாது என்று இசை தெரிந்தவர்கள் சொல்லலாம். அதை விடுங்கள், பண்ணைப் பாருங்கள். வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடும் மரண கானா இருக்கிறதே, அது என்ன? போனவரை நினைத்து இரங்கிப் பாடுவது. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் என்ன? இரங்கல். அகத்திணையில் இரங்கல் என்பது காதலனைப் பிரிந்த தலைவியின் வருத்தம், கானாவின் இரங்கல் வேறு என்பது எனக்கும் தெரியும். வகுப்பில் அந்த வேறுபாட்டையும் சொன்னேன். ஆனாலும் கடலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்று கரையில் காத்திருக்கும் ஊரில் இரங்கலுக்கு ஒரு பாட்டு மரபு பிறந்திருக்கிறது என்று சொன்னபோது வகுப்பில் ஓர் அமைதி வந்தது. கானா என்றால் வாத்தியார் திட்டுவார் என்றுதான் அதுவரைக்கும் அவன் நினைத்திருந்தான்.

அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கழியில் இப்போது பெருகிக் கிடக்கும் காக்கா ஆழி எல்லோருக்கும் தெரியும். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த சிப்பி வகை. கழியின் அடியில் பாய் விரித்த மாதிரி படர்ந்து, இறாலும் மஞ்சள் மட்டியும் வாழும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாறு பிள்ளைகள் அதையும் கருப்பொருளில் சேர்த்திருந்தார்கள். "வெளிநாட்டுச் சிப்பியை நெய்தல் கருப்பொருளாகச் சேர்க்கலாமா?" என்று வகுப்பில் ஒரு வாதம் வைத்தேன். வேறு நிலத்துப் பூவும் பறவையும் ஒரு நிலத்துக்கு வந்துவிட்டால், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் ஒரு விதி சொல்லியிருக்கிறார். அந்த விதியைச் சொன்னேன். "அப்போ சேத்துதான் ஆவணும்" என்றது ஒரு கட்சி. "விருந்தாளியா வந்தா சேக்கலாம், வீட்டையே புடிச்சுக்கினா எப்டி சேக்கறது?" என்றது இன்னொரு கட்சி. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பாடத்தை இதைவிட நன்றாக எப்படி நடத்துவது என்று எனக்குத் தெரியாது. அதோடு கருப்பொருள் மயக்கமும் நடத்தி முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் பாலையை நடத்தினேன். உங்களுக்குத் தெரியும், தொல்காப்பியம் பாலைக்கெனத் தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுப் பாலை என்ற வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் விளக்கம் வருகிறது. இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். கண்டலைப் பற்றிப் பேசிய அதே பெண் கேட்டாள்: "நெய்தல் திரிஞ்சா இன்னா ஆவும் மிஸ்?"

நூலில் அதற்குப் பதில் இல்லை. காடும் மலையும் கெடுவதை நம் முன்னோர் பார்த்தார்கள், அதற்குப் பெயர் வைத்தார்கள். கடற்கரை கெடும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பெரிய தண்ணீரை யார் கெடுக்க முடியும் என்று நினைத்திருக்கலாம். நான் அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆளுக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னேன். சாம்பல் திணை என்றார்கள், எண்ணெய்த் திணை என்றார்கள். ஒருவன் எழுதியது இது: "கழி திரிந்தால் கழிவு." சொல்லாட்சி என்று ஒரு மதிப்பெண் உண்டல்லவா, அவனுக்கு முழுதாகக் கொடுத்தேன்.

அப்போது இன்னொரு பையன் எழுந்தான். "பாலையில மழை பெஞ்சா மறுபடி முல்லை ஆயிடுமா?" என்றான். ஆகும், இயல்பு கெட்டது இயல்பு திரும்பினால் பழையபடி ஆகும், பாலை ஒரு நிலத்தின் பெயர் என்பதைவிட ஒரு நிலையின் பெயர் என்றேன். "அப்போ அந்தப் பூங்காவும் அப்டித்தான். குப்பையா இருந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றான். தொல்காப்பியப் பூங்கா ஏன் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று நான் நடத்தியதைவிட அவன் சொன்னது தெளிவாக இருந்தது.

இதை உங்கள் பள்ளியில் செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பூங்காவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் என்றால் விளக்கிச் சொல்ல ஆள் தருவார்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம், துறை அனுமதி வழக்கம் போல. பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார்களை உடன் அழைத்துப் போனோம். அவர்களில் ஒருவர் மீன் விற்கிறவர். என்னைவிட அதிகம் கற்பித்தது அவர்தான். செருப்பு, தொப்பி, தண்ணீர் கட்டாயம். காலையிலேயே போய்விடுங்கள். வண்டிச் செலவுக்கு நாங்கள் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் பங்கு போட்டுக்கொண்டோம். அதற்கு வழியில்லை என்றால் போகவே வேண்டாம். பதினான்கு கட்ட அட்டவணைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. மணலிக்காரர்கள் மருதத்தில் தொடங்கலாம். அந்தப் பக்கம் ஏரியும் வயலும் இருந்த காலத்தைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினான்கு வேண்டாம். பூ, மரம், பறவை, ஊர், நீர் போதும். வீட்டுப் பாட்டியைக் கேட்டு வரச் சொல்லுங்கள், படமாக வரையட்டும்.

எங்கள் பள்ளியில் சுற்றுச்சுவரை ஒட்டி 30 அடிக்கு ஒரு துண்டு மண் இருக்கிறது. சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் அதை நெய்தல் தோட்டம் என்கிறார்கள். புன்னை மூன்று நட்டதில் இரண்டு பிழைத்தன. பூவரசு நன்றாக வந்துவிட்டது. ஞாழல் கன்று எங்கும் கிடைக்கவில்லை, யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிள்ளைகளே எழுதிய பலகை இருக்கும். பலகையில் மூன்று வரிதான்: நூலில் என்ன பெயர், எங்கள் ஊரில் என்ன பெயர், கடைசியாக யார் எங்கே பார்த்தார்கள். கண்டலுக்கு மட்டும் செடி இல்லாமல் பலகை மட்டும் நிற்கிறது. உப்புச் சேறு இல்லாத இடத்தில் அது வராது. மூன்றாவது வரியில், "எங்கள் கழியில் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்தை எங்கள் பள்ளியில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாம். தாழையிடம் மட்டும் சற்றுத் தள்ளி நில்லுங்கள். சேலை, சட்டை என்று பார்க்காது, கிழித்துவிடும்.